பிழைத்து வந்தாயிற்று, ஸ்தோத்திரம்தான் வாயில் வரவில்லை: நோயிலிருந்து தேறும் காலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சபையிலிருந்து நான்கு பேர் பார்க்க வந்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஒருவர், "இப்ப நீங்க ஒரு வார்த்தை ஸ்தோத்திரம் சொல்லுங்க பிரதர்" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. குடல்வால் வெடித்து, வயிற்றுக்குள் சீழ் பரவி, இரண்டு ஆபரேஷன் ஆகி, 11 நாள் ஐசியூவில் கிடந்துவிட்டு வந்திருந்தேன். நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் உள்ளே இருந்ததெல்லாம், இவர்கள் எழுந்து போனால் படுத்துக்கொள்ளலாமே என்ற ஒரே நினைப்புதான்.

அதன் பிறகு சில வருடங்களாகச் சபையின் சந்திப்புக் குழுவோடு நானும் நோயாளிகளைப் பார்க்கப் போய்வருகிறேன். புதிதாகத் தேறி வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். சாட்சி (தனக்கு நடந்ததைச் சபை முன் எழுந்து சொல்வது) முதலில், பொருத்தனை (கடவுளுக்குக் கொடுத்த வாக்கு) இரண்டாவது, அழுகையும் தூக்கமும் நேரம் கிடைத்தால். கீழே இருக்கிற வரிசை அதைத் திருப்பிப் போடுகிறது. ஒரு படியிலேயே ஒரு மாதம் தங்க நேர்ந்தாலும் தங்குங்கள், தாண்டிக் குதிக்காதீர்கள்.

## தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு. பெரிய டைரி வேண்டாம், காலிப் பக்கங்களைப் பார்த்தாலே மனசு சோர்ந்துவிடும். படுத்துக்கொண்டே எழுதுகிற மாதிரி பென்சில் இருந்தால் நல்லது, பேனா மல்லாந்து படுத்தால் எழுதாது (இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது).

வேதாகமம் பெரிய எழுத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் போனில் ஒலி வடிவத்தில் கேளுங்கள். மருந்தின் மயக்கத்தில் கண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கும். அது உங்கள் பக்திக் குறைவு இல்லை.

முக்கியமானது, ஒரு ஆள். ஜெபக் குழு முழுவதும் வேண்டாம், ஒருவர் போதும். நீங்கள் "இன்றைக்குக் கடவுள் மேல் கோபமாக இருக்கிறது" என்று சொன்னால் பதறாமல் கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் உங்கள் போதகராகவோ பங்குத்தந்தையாகவோ இருந்தால் பாக்கியம். இல்லாவிட்டால் நண்பரோ அக்காவோ யாராவது இருக்கட்டும்.

அப்புறம், டாக்டர் கொடுத்த மருந்துச் சீட்டும் மறுபடி காட்ட வேண்டிய தேதியும் இதே நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

## 1. முதலில் உடம்பு

எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் அவரிடம் உபதேசம் எதுவும் பேசவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடத்தான் சொன்னான் (1 இராஜாக்கள் 19). தேவன் அவரோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். யவீருவின் மகளும் அப்படியே. இறந்துபோன 12 வயதுப் பெண் உயிரோடு எழுந்து நடக்கிறாள், எல்லோரும் பிரமித்து நிற்கிறார்கள், இயேசு அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார் (மாற்கு 5:43).

ஆகவே முதல் வாரங்களில் உங்கள் ஆவிக்குரிய கடமை வேளைக்குச் சாப்பிடுவது, மாத்திரை போடுவது, தூங்குவது, சொன்ன அளவு நடப்பது. முழங்கால் போட வேண்டாம். எசேக்கியா ராஜா படுக்கையிலேயே சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஜெபித்தார், அந்த ஜெபம் கேட்கப்பட்டது.

இந்தப் படியில் நடக்கிற தப்புகள் ஆபத்தானவை என்பதால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஒன்று, நன்றிக்காக உபவாசம் இருப்பது. காயம் ஆறப் புரதம் வேண்டும், பல மாத்திரைகளுக்கு வயிற்றில் சாப்பாடு வேண்டும், நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். உபவாசத்தைத் தேறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, விசுவாசத்தைக் காட்ட மாத்திரையை நிறுத்துவது. ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரங்கள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வலிப்பு மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையும் அதேபோலத்தான். "மருந்து எடுத்தால் கர்த்தரை நம்பவில்லை என்று ஆகாதா" என்று கேட்பவர்களிடம் நான் எசேக்கியாவைத்தான் காட்டுவேன். உன் நாட்களோடே 15 வருஷம் கூட்டுவேன் என்று தேவன் வாக்குக் கொடுத்த பிறகும், பிளவையின்மேல் (கட்டியின்மேல்) அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னது, அந்த வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயா தீர்க்கதரிசிதான் (ஏசாயா 38:21). பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர்.

## 2. என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எனக்கு அதிகமாக உதவியது இதுதான்.

கடுமையான நோயில் கிடந்தவருக்குப் பல நாட்கள் நினைவிலேயே இருக்காது. எல்லோரும் "எவ்வளவு பெரிய காரியம்" என்கிறார்கள், ஆனால் அந்தக் காரியம் நடந்தபோது நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்கள். நினைவில் இல்லாத ஒன்றுக்கு மனசார நன்றி சொல்வது கஷ்டம். வாய் சொல்லும், உள்ளம் வேடிக்கை பார்க்கும். சங்கீதம் 103 "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது. மறக்காமல் இருக்க முதலில் அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டுமே. இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்த அந்தச் சமாரியனைப் பற்றி லூக்கா எழுதும்போதும், அவன் "தான் ஆரோக்கியமானதைக் கண்டு" திரும்பி வந்தான் என்கிறார். கண்டது முதலில், துதி அப்புறம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூடவே இருந்தவரிடம், ஒரு நாளைக்கு 15 நிமிடம், நாள் வாரியாகக் கேளுங்கள். முதல் நாள் யார் கூட்டிக்கொண்டு போனார்கள், இரவு யார் இருந்தார்கள், எந்த நாள் மோசமாக இருந்தது, எப்போது கண் திறந்தேன். கேட்டதை நோட்டில் தேதி போட்டு இரண்டு மூன்று வரியாக எழுதுங்கள். சில மருத்துவமனைகளில் ஐசியூ நோயாளிகளுக்காக நர்ஸுகளும் குடும்பத்தாரும் சேர்ந்து நாட்குறிப்பு எழுதிவைக்கிற வழக்கம் இருக்கிறது, நினைவில் விழுந்த ஓட்டையைப் பிறகு அடைத்துக்கொள்ள அது உதவும். உங்களுக்கு அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் நீங்களே பின்னோக்கி எழுதுகிறீர்கள், அவ்வளவுதான்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. சொல்கிறவர் அழுதால் நிறுத்திவிடுங்கள். உங்களைவிட அதிகமாகப் பயந்தது அவர்தான். அவருக்கும் இது தேறும் காலம். என் மனைவி ஐந்தாம் நாளைப் பற்றிச் சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது, ஐசியூவில் கண்ட பயங்கரக் காட்சிகள். சுவரில் ஊர்கிற உருவங்கள், நர்ஸ் தன்னைக் கொல்ல வருகிறாள் என்ற நிச்சயம், இப்படிப் பலருக்கும் வரும். கடும் நோயிலும் மயக்க மருந்திலும் மூளை குழம்புவதால் வருவது இது, மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இதைப் பிசாசின் தாக்குதல் என்றோ தரிசனம் என்றோ அவசரமாகப் பெயர் சூட்டிவிட்டால் அந்தப் பயம் வீட்டுக்கும் கூடவே வரும். டாக்டரிடம் சொல்லுங்கள், அதன் பிறகு போதகரிடம் பேசுங்கள்.

## 3. அழ வேண்டியதை அழுதுவிடுங்கள்

நன்றிக்கு முன்னால் புலம்பலா என்று முகம் சுளிக்கிறவர்கள் சங்கீதங்களை எண்ணிப் பார்க்கட்டும். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லாமலே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

புலம்பாமல் தாண்டினால் என்ன ஆகும்? பார்த்திருக்கிறேன். ஸ்தோத்திரம் மேலே மேலே அடுக்கப்படும், கோபம் அடியில் அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு சின்ன விஷயத்தில், ஒரு ரிப்போர்ட் தாமதமானதற்கோ பிள்ளை கதவைச் சாத்தியதற்கோ, எல்லாம் வெடித்து வரும். அப்போது அவருக்கே தன் ஸ்தோத்திரமெல்லாம் பொய் என்று தோன்றிவிடும். அது பொய் இல்லை, அவசரம்.

எப்படிச் செய்வது? 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனம் முறையீடு: எதுவரைக்கும் கர்த்தாவே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அடுத்த இரண்டு வசனம் வேண்டுதல். கடைசி இரண்டும் நம்பிக்கை. இதே மூன்று துண்டாக உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். முறையீட்டில் நாகரிகம் பார்க்காதீர்கள். "எனக்கு 38 வயசுதான் ஆச்சு, ஏன் நான்" என்று எழுத வருகிறதா, எழுதுங்கள். "பக்கத்துப் படுக்கைக்காரர் செத்தார், நான் ஏன் பிழைத்தேன்" என்ற கேள்வியும் வரும். பிழைத்தவர்களில் பலருக்கு இந்தக் குற்ற உணர்ச்சி உண்டு, சொல்ல வெட்கப்படுவார்கள்.

மூன்றாவது துண்டு வரவில்லையா? இரண்டோடு நிறுத்திவிட்டு நோட்டை மூடுங்கள். நாளைக்குத் திறக்கலாம். வராத நம்பிக்கையை வந்த மாதிரி எழுதாதீர்கள்.

"நான் செய்த பாவத்துக்குத்தான் இது வந்ததா" என்பது தனி வகை. யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் இதே கேள்வியை ஒரு குருடனைக் காட்டிக் கேட்கிறார்கள், இவனோ இவன் பெற்றோரோ என்று. இரண்டும் இல்லை என்று இயேசு சொல்கிறார். பார்க்க வருகிறவர் யாராவது உங்கள் நோய்க்குப் பாவக் கணக்குப் பார்த்தால், யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். துன்பத்தில் கிடந்த அவரோடு ஏழு நாள் சும்மா உட்கார்ந்திருந்த வரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள், வாய் திறந்த பிறகுதான் பாவக் கணக்குப் பார்த்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பாருங்கள். சோகமோ எதிலும் நாட்டமின்மையோ நாள் முழுக்க, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பெரிய நோய்க்குப் பிறகு இது அடிக்கடி வரக்கூடியது, சிகிச்சை உண்டு. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள். இதற்கு ஜெபத்தை மட்டும் மருந்தாகக் கொடுக்கிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

## 4. ஒரு நாளைக்கு ஒரு வரி

இப்போதுதான் நன்றி எழுதத் தொடங்குகிறோம். புதியவர்கள் முதல் நாளே "என்னை உயிரோடு வைத்த தேவனுக்குக் கோடானகோடி ஸ்தோத்திரம்" என்று எழுதுவார்கள். இரண்டாம் நாளும் அதையே எழுதுவார்கள். நாலாம் நாள் நோட்டு அலமாரிக்குப் போய்விடும், ஏனென்றால் பெரிய வார்த்தையை நாள்தோறும் சொன்னால் அது தேய்ந்துவிடும். சின்னதாகத் தொடங்கினால்தான் நாளைக்கு எழுத மிச்சம் இருக்கும்.

எழுதுகிற வரி இன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும், கண்ணால் பார்த்ததாகவோ உடம்பில் உணர்ந்ததாகவோ இருக்க வேண்டும், வேறு யாரும் எழுத முடியாததாக இருந்தால் இன்னும் நல்லது. "நல்ல குடும்பத்துக்காக ஸ்தோத்திரம்" என்பதைவிட "தம்பி இன்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டான், காதில் தண்ணீர் போகாமல் கையால் மறைத்துக்கொண்டான், ஸ்தோத்திரம்" என்பது உங்களுக்கு மட்டுமே சொந்தமான வரி. என் நோட்டின் முதல் வரி: "தையல் போட்ட இடம் இழுக்காமல் தும்மினேன், நன்றி ஆண்டவரே." சிரிப்பாக இருக்கிறதா? வயிற்றைக் கீறித் தைத்தவர்களுக்குத் தெரியும்.

நேரம் மாலையாக இருந்தால் நல்லது. 1521இல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய லொயோலா இஞ்ஞாசியார் (பிறகு இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கப் புனிதர்), மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோதுதான் தன் மனசில் எந்த நினைவு தங்குகிறது, எது வறண்டு போகிறது என்று கவனிக்கக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் வகுத்த தினசரி ஆத்தும சோதனையில் (அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கிற ஜெபத்தில்) ஐந்து படிகள், முதல் படி நன்றி. குற்றத்தை எண்ணுவது அதற்குப் பிறகுதான். நீங்கள் கத்தோலிக்கராக இல்லாவிட்டாலும் இந்த வரிசையை எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டதால் எதுவும் குறைந்துவிடாது.

இதற்கு ஆராய்ச்சியும் உண்டு. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், நரம்புத் தசை நோய் உள்ளவர்கள் 21 நாள் தினமும் தாங்கள் நன்றியோடு நினைக்கிற விஷயங்களை எழுதினார்கள். எழுதாதவர்களைவிட அவர்கள் மனநிலை நன்றாக இருந்தது, தூக்கமும் கூடியது. நோய் குணமானது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நீங்களும் அப்படி எதிர்பார்த்து எழுதாதீர்கள். குணமாவதற்கு விலையாக நன்றி சொல்லத் தொடங்கினால் அது வியாபாரம் ஆகிவிடும்.

இங்கே அடிக்கடி வருகிற சிக்கல், "நோய்க்காகவும் நன்றி சொல்ல வேண்டுமா" என்பது. 1 தெசலோனிக்கேயர் 5:18இல் பவுல் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறார். எல்லாவற்றிலேயும், அதாவது நோய்க்குள் இருந்துகொண்டும். எபேசியர் 5:20இல் "எல்லாவற்றிற்காகவும்" என்றும் இருக்கிறதே என்று கேட்பீர்கள், இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த சிலரைத் தெரியும், வருடங்கள் ஆயின அவர்களுக்கு. தெசலோனிக்கேயரில் தொடங்குங்கள். புற்றுநோய் வந்த பெண்ணிடம் போய் "கட்டிக்காக நன்றி சொல்லு" என்று யாரும் கட்டளையிட வேண்டாம்.

## 5. அரைகுறையாகத் தேறும்போது

எல்லோரும் முழுசாகத் தேறுவதில்லை. கை மரத்தே இருக்கும், மூச்சு வாங்கும், மறுபடி அட்மிட் ஆக நேரும். நன்றியை முழு குணத்துக்காகத் தள்ளிப்போட்டால் சிலருக்கு அது வரவே வராது.

பெத்சாயிதாவில் இயேசு ஒரு குருடனைத் தொட்டுவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அவன் உள்ளதைச் சொல்கிறான்: மனிதர்கள் மரங்களைப் போல நடக்கிறார்கள். நன்றாகத் தெரிகிறது ஆண்டவரே என்று மரியாதைக்குச் சொல்லவில்லை. அப்புறம் இரண்டாவது தொடுதல் கிடைக்கிறது (மாற்கு 8). பவுலுக்கோ மூன்று முறை கேட்டும், மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன உபத்திரவம் எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. இரண்டும் ஒரே புதிய ஏற்பாட்டில்தான் இருக்கின்றன. உங்களுக்கு எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது, உங்களைப் பார்க்க வருகிறவருக்கும் தெரியாது.

நடைமுறையில் இரண்டு செய்யுங்கள். அன்றைய வரியில் இரண்டு பாதி எழுதுங்கள்: "இன்னும் மாடி ஏற முடியவில்லை. முற்றத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தேன், ஸ்தோத்திரம்." முதல் பாதியை அழிக்காதீர்கள். அடுத்து, ஸ்கேன் அல்லது ரத்தப் பரிசோதனை நாளில், ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே அன்றைய வரியை எழுதிவிடுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு எழுதினால், நல்ல ரிப்போர்ட்டுக்கு மட்டும் நன்றி சொல்லப் பழகிவிடுவோம். கெட்ட ரிப்போர்ட் வந்த நாளில் நோட்டும் ஜெபமும் இரண்டுமே நின்றுபோகும்.

## 6. மனிதர்களுக்கு நன்றி

"எல்லாம் கர்த்தர் செய்தார்" என்று, இருபது ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிய மனைவியின் முன்னால் ஒருவர் சொன்னதைக் கேட்டேன். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன்.

இரண்டாம் படியில் எழுதிய பக்கங்களைத் திறந்து, அதில் வருகிற ஆட்களையெல்லாம் பட்டியலிடுங்கள். டாக்டர் பெயர் தானாக வரும். இரவு நேர நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர், தரை துடைத்தவர், ரத்தம் கொடுத்தவர், உங்கள் வேலையைச் சேர்த்துப் பார்த்த சகஊழியர், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டார், இவர்களைத் தேடித்தான் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒருவர் போதும். நேரிலோ போனிலோ கடிதத்திலோ, பொதுவாக "எல்லாத்துக்கும் நன்றி" என்று முடிக்காமல், அவர் செய்த அந்த ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். எனக்கு உதட்டில் பஞ்சு நனைத்து வைத்த நர்ஸிடம் அதைச் சொன்னபோது, அவருக்கு அது நினைவிலேயே இல்லை. இருந்தாலும் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்ததாகப் பிறகு சொன்னார்.

வீட்டில் கவனித்துக்கொள்கிறவருக்குச் சொல்லும் நன்றியோடு ஒரு ஓய்வையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு பகல் வேறு யாராவது உங்களோடு இருக்கட்டும், அவர் போய்த் தூங்கட்டும்.

லேவியராகமம் 7இல், நன்றிக்காகச் செலுத்துகிற ஸ்தோத்திர பலிக்கு ஒரு விதி உண்டு: அந்த இறைச்சியை அன்றைக்கே சாப்பிட வேண்டும், விடியற்காலம்வரை மிச்சம் வைக்கக் கூடாது. ஒரு ஆளால் முடிகிற காரியமா? ஆட்களைக் கூப்பிட்டாக வேண்டும். நன்றியைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாதபடி அந்த விதி இருந்திருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

## 7. பொருத்தனைகளைச் சரிபார்த்தல்

காய்ச்சலிலும் பயத்திலும் நாம் என்னென்னவோ வாக்குக் கொடுத்திருப்போம். நினைவிருப்பதை எழுதுங்கள். செய்ய முடிந்ததைச் சீக்கிரம் செய்துவிடுங்கள், தாமதிக்காதே என்று பிரசங்கி 5 சொல்கிறது, தள்ளிப்போட்டால் அது மனசை அரித்துக்கொண்டே இருக்கும்.

முடியாத அளவுக்குப் பெரிதாகச் சொல்லிவிட்டால்? கடன் வாங்கிச் செலுத்தாதீர்கள். லேவியராகமம் 27:8ஐ வாசியுங்கள். பொருத்தனை செய்தவன் செலுத்த முடியாத ஏழையாக இருந்தால் ஆசாரியன் முன் வந்து நிற்க வேண்டும், ஆசாரியன் அவன் திராணிக்கு ஏற்றபடி மதிக்க வேண்டும். போதகரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். உங்களுக்காக இன்னொருவர் செய்த பொருத்தனையையும், அம்மா உங்களை முழுநேர ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்பது போன்றவற்றை, அங்கேயே பேசிவிடுங்கள். பலம் திரும்பும்முன் எந்தப் புது வாக்கும் வேண்டாம்.

## 8. சபையில் சாட்சி

இது கடைசிப் படி. நான் இதை முதலில் செய்தேன். மூன்றாவது வாரமே மேடை ஏறி, பூரண சுகம் என்று சொல்லி, எல்லோரும் கைதட்டி, பத்தாம் நாள் காய்ச்சலோடு மறுபடி அட்மிட் ஆனேன். நோயைவிட அந்த வெட்கம்தான் வலித்தது. சாட்சி பொய்யாகிவிட்டதே என்று இரண்டு மாதம் ஆராதனைக்கே போகவில்லை.

பழைய ஏற்பாட்டில் குஷ்டரோகம் நீங்கினவன்கூட, ஆசாரியன் பார்த்துச் சுத்தம் என்று சொன்ன பிறகு, பாளயத்துக்குள் வந்தும் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்கி, எட்டாம் நாள்தான் பலியோடு வருவான் (லேவியராகமம் 14). டாக்டர் அடுத்த பரிசோதனையைப் பார்த்து முடிக்கும்வரையாவது காத்திருங்கள். அதுவரை யாராவது வற்புறுத்தினால், "தேறிக்கொண்டிருக்கிறேன், ஜெபித்ததற்கு நன்றி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டால் போதும்.

பேசுவதற்கு 30ஆம் சங்கீதத்தை மாதிரியாக வையுங்கள். 12 வசனத்துக்குள் எல்லாம் இருக்கிறது: தூக்கிவிட்டீர் என்கிறார், மற்றவர்களையும் பாடக் கூப்பிடுகிறார், நான் அசைக்கப்படுவதில்லை என்று நினைத்திருந்தேன் என்று தன் பழைய மிதப்பை ஒத்துக்கொள்கிறார், பயந்து கூப்பிட்டதையும் சொல்கிறார். பயத்தை விட்டுவிட்டுச் சொல்கிற சாட்சி விளம்பரம் போல இருக்கும்.

எழுதிவைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். எழுதியதை முதலில் அந்த ஒரு ஆளிடம் வாசித்துக் காட்டுங்கள். அப்போது வெட்ட வேண்டியவை தெரியும். "டாக்டர்களே கைவிட்டுவிட்டார்கள்" என்பது பல நேரம் மிகை. அவர்கள் "ஆபத்தான நிலை" என்று சொல்லியிருப்பார்கள், கைவிட்டிருந்தால் ஆபரேஷன் செய்திருக்க மாட்டார்கள். உங்களோடு வார்டில் இருந்தவர்களின் கதையை, அவர்கள் பெயர் சொல்லாவிட்டாலும், சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. "நான் விசுவாசித்தேன், அதனால் பிழைத்தேன்" என்ற வாக்கியத்தை எந்த வடிவில் இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மூன்றாவது வரிசையில், போன மாதம் மகளை அடக்கம் பண்ணிய அப்பா உட்கார்ந்திருப்பார். அவரும் விசுவாசித்தார். ஒவ்வொரு வரியையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், முடியாததை அடித்துவிடுங்கள்.

எசேக்கியாவைப் பற்றி இன்னொன்று. அவர் தேறியதும் ஒரு பாட்டே எழுதிவைத்தார், ஏசாயா 38இல் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில், அவர் வியாதிப்பட்டுச் சுகமானதைக் கேள்விப்பட்டு பாபிலோன் ராஜாவின் ஆட்கள் வெகுமதியோடு வருகிறார்கள். இதைவிடப் பெரிய மேடை கிடைக்குமா? அவரோ வெள்ளியையும் பொன்னையும் வாசனைத் திரவியங்களையும் ஆயுதசாலையையும் காட்டி அனுப்புகிறார். தன் வியாதியைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதாக எழுதப்படவில்லை. சாட்சி முடிந்த பிறகு நம்மைப் பார்க்க வருகிறவர்களிடம் நாமும் எதைப் பேசுகிறோம் என்பதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

## 9. வருடம் திரும்பும் நாள்

அட்மிட் ஆன தேதியை நோட்டின் முதல் பக்கத்தில், மருந்துச் சீட்டுக்கு மேலே எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அந்த வாரம் காரணம் புரியாமல் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். மனசுக்கு மறந்தாலும் உடம்பு அந்தத் தேதியை நினைவில் வைத்திருப்பது போலத் தோன்றும். அன்றைக்கு வேலைக்கு விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். நோட்டை முதலிலிருந்து வாசியுங்கள், புலம்பல் பக்கங்களையும் தாண்டாமல். 116ஆம் சங்கீதத்தைச் சத்தமாகப் படியுங்கள். அதற்குப் பிறகு, கூடவே உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு, அவர் நினைவில் அந்த நாள் எப்படி இருந்தது என்று மறுபடியும் கேளுங்கள். முதல் முறை சொல்லாமல் விட்டதை இந்த முறை சொல்லக்கூடும்.